எட்டாவது பாடு

“ஏழுல ஒண்ணை எடுக்கணும். எதை எடுக்கிறது, நீ சொல்லு தேசம்மா” என்றார் தசரதன்.

தேசம்மா பதில் சொல்லவில்லை. வாயில் பறி இருந்தது.

பறி என்பது பனையோலைப் பை. அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள் அந்த இருளப் பெண். வலை கிடையாது, படகு கிடையாது. ஆனால் ஊர் வலைகளில் ஒன்றும் விழாத நாளிலும் அவள் பறி காலியாகத் திரும்பியதில்லை. குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

தசரதன் ஊர்த் தலைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

விஷயம் இதுதான். ஊரை ஒட்டிய உப்பேரி கடலைச் சேரும் இடத்தில் குறுகலாக ஒரு ஓடை. இறால் அந்த வழியாகத்தான் போகும், வரும். அங்கே வலை கட்ட ஊரில் ஏழு கூட்டம், முறை வைத்து ஆளுக்கொரு நாள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யார் முதலில் என்பதற்கு வருஷம் ஒரு தடவை பானையில் சீட்டுப் போடுவார்கள். சீட்டு எடுக்கும்போது உரியவர் கரையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வருஷம் அவருக்குப் பாடு இல்லை.

மூன்று வருஷமாக இறால் குறைந்துகொண்டே வந்தது. ஏழு கூட்டத்துக்குக் காணாது, ஒன்றை நீக்கு என்றது ஊர். எல்லோர் கண்ணும் இருப்பதிலேயே சின்னக் கூட்டத்தின் மேல். அது தசரதனின் தம்பி எத்திராஜின் கூட்டம். தம்பியை நீக்கினால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது. வேறு யாரை நீக்கினாலும் ஊரில் முகம் காட்ட முடியாது. பாவம், மனிதர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“ஏழை ஆறாக்கணும்மா” என்றார் மறுபடி.

தேசம்மா சேற்றுக் கைகளை உயர்த்தினாள். ஒன்றில் ஐந்து விரல், மற்றதில் மூன்று.

“எட்டா?”

தலையாட்டினாள்.

“நான் குறைக்க வழி கேட்டா நீ கூட்டுறியே?”

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். “எனக்கு ஒரு பாடு போடுங்க தலைவரே.”

தசரதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. ஊர்க்கூட்டத்தில் சொன்னார்.

இருளருக்குப் பாடா என்று சத்தம் போட்டார்கள். பிறகு ஒருவர், வலையே இல்லாதவள் எவ்வளவு அள்ளிவிடப் போகிறாள் என்றார். யாரையும் நீக்காமல் ஒரு வருஷம் தள்ளிப்போகிறதே என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் நிம்மதி. ஒத்துக்கொண்டார்கள்.

தேசம்மாவின் நாள் வந்தது. அவள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். தண்ணீரில் காலைக்கூட நனைக்கவில்லை.

ஓடையில் வலை இல்லை. கொக்கு வந்தது, நீர்க்காகம் வந்தது. மிச்சமிருந்த கெளுத்தி மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்த்த ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிந்தது.

தசரதன் ஓடி வந்தார். “பாட்டை வீணாக்குறியேம்மா.”

“வீணா எங்க போச்சு? அதோ சாப்பிடுறாங்களே.”

“அதுங்களையா சொல்ற? அதுங்கதான் இறாலைத் தின்னுதுன்னு வெடி போட்டு விரட்டினோம். உட்கார எடம் இருக்கக் கூடாதுன்னு கரையோரக் கண்டல் செடியைக்கூட வெட்டினோம்.”

“அந்த வருஷம் இறால் எப்படி?”

“குறைஞ்சுது.”

“கெளுத்தியைப் பிடிச்சுத் தீர்த்தீங்களே, அந்த வருஷம்?”

தசரதன் தலையைச் சொறிந்தார். “இன்னும் குறைஞ்சுது.”

“இப்ப உங்க தம்பி” என்றாள்.

அவர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் முழுக்க எட்டு நாளுக்கு ஒரு நாள் ஓடை சும்மா கிடந்தது. வெட்டிய இடத்தில் கண்டல் முளைவிட்டது, யாரும் வெட்டவில்லை. இறால் கூடியதா என்றால், கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது. குறையவில்லை. மூன்று வருஷத்தில் அதுவே ஊருக்குப் புதுசு.

ஏன் குறையவில்லை என்று தசரதனுக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

மறுபடி சீட்டுப் போடும் நாள் வந்தது. காலையிலேயே தேசம்மாவைத் தேடிப் போனார். அவள் தண்ணீரில் இருந்தாள்.

“எட்டாவது சீட்டுல உங்க பேரை எழுதட்டுமாம்மா?”

பறியைக் கடித்தபடியே இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்ப யார் பேரை?”

அவள் குனிந்து சேற்றைத் தடவத் தொடங்கினாள்.

தசரதன் கரைக்கு வந்தார். ஏழு சீட்டில் ஏழு பெயர் எழுதினார். எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒன்றும் எழுதாமல் மடித்துப் பானைக்குள் போட்டார்.

பானையைக் குலுக்கி எத்திராஜ் உள்ளே கையை விட்டான். முதல் சீட்டு. அதற்குரியது அமாவாசை நீரோட்டத்தில் வரும் நாள், வருஷத்திலேயே இறால் அதிகம் விழும் நாள். பிரித்துப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வெறும் தாள்.

கூட்டம் கசகசவென்றது.

“இது செல்லாதுண்ணே” என்றான் எத்திராஜ். “வேற எடுக்கிறேன்.”

“ஏன் செல்லாது?”

“பாட்டுக்கு உரியவங்க கரையில நிக்கணும். அதுதானே கட்டுப்பாடு?”

தசரதன் திரும்பிப் பார்த்தார். ஓடை ஓரத்தில், முட்டியளவு வளர்ந்திருந்த கண்டல் செடிகளுக்குப் பக்கத்தில், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.

“நிக்கிறாங்கடா” என்றார்.