இரண்டாவது பூ

தென்சீனாவில், மாவோனான் மக்களின் மலையூர் ஒன்றில், பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டவர்கள் பிள்ளை பிறந்ததும் நேர்த்திக்கடன் கழித்தே ஆக வேண்டும். மர முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள் சாமிகளாக வந்து ஆடுவார்கள். பிள்ளை வரம் தரும் பூத்தாயும் வருவாள். ஒரு பிள்ளைக்கு ஒரு காகிதப் பூ, தாயின் மடியில். கூடுதலாக ஒன்று விழுந்தால், இன்னொரு நேர்த்தி பாக்கி என்று ஊரே பதறும்.

பூத்தாய் வேஷம் லூவுக்கு. நாற்பதைத் தாண்டியவன், மெங் ஆசானிடம் ஆட்டம் பழகச் சேர்ந்தவன். மகள் யிங் காய்ச்சலில் போனாள். அப்புறம் மனைவி சியூலானும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேறு கல்யாணமாகி இப்போது ஓர் ஆண் குழந்தை. ஆட்டத்துக்கு அழைப்பு வந்ததோ அவள் வீட்டிலிருந்து. வேறு வீடே கிடைக்கவில்லையா!

லூ ஆசானிடம் போனான்.

“என்னால முடியாது, ஆசானே.”

“ஏன், கால் வலியா?”

“கேலி பண்ணாதீங்க. அவ மடியில நான் எப்படிப் பூப் போடுவேன்?”

“கையாலதான்.”

லூ விடவில்லை.

“புதுப் புருஷன், புதுப் பிள்ளைன்னு அவ மறந்துட்டா. என் யிங்கை நெனைக்க இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் மிச்சமா? அதையாவது சொல்லுங்க.”

ஆசான் மேளத்தின் வாரை இழுத்துக் கட்டினார்.

“எங்கிட்டக் கேட்டா? கெளம்பு, நேரமாச்சு.”

இப்படி ஒரு மனுஷரிடம் என்னத்தைப் பேசுவது? லூ பின்னாலேயே நடந்தான்.

அன்று மதியம் அந்த வீட்டுக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. முகமூடிக்குள் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சியூலான் குழந்தையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். லூ ஆடிக்கொண்டே வந்து அவள் மடியில் ஒரு பூ வைத்தான். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கிழிந்தால் மாற்றுவதற்கென்று கூடையில் கிடந்த பூவையும் எடுத்து வைத்தான்.

“ஐயையோ, ரெண்டு!” என்று மாமியார் அலறினாள்.

“எங்களுக்கு ஒரு பிள்ளைதானே!” என்று புருஷன் எழுந்தான்.

சியூலான் நிமிர்ந்து முகமூடியைப் பார்த்தாள். மாமியார் அந்தப் பூவை எடுக்கக் குனிந்தபோது அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

“இருக்கட்டும், அத்தை” என்றாள்.

ஆசான் மேளத்தை நிறுத்தவேயில்லை.

திரும்பி வரும் வழியில் லூ உடைந்துபோனான்.

“தப்புப் பண்ணிட்டேன், ஆசானே. கை தானாப் போயிருச்சு. நல்லா இருக்கற குடும்பத்துல குழப்பம் பண்ணிட்டேன். நாளைக்கே போய் அந்தப் பூவைத் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்.”

ஆசான் நின்றார். மேளத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“போய்க் கேளு. தர மாட்டா.”