முதுகு தெரியாத படம்

பெருந்துறைக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம். மேடையை அடைத்து நின்ற ஸ்டூடியோ முதலாளி மகுடபதியைப் பார்த்துப் பெண்ணின் பெரியப்பா சீறினார்.

"போன கல்யாணத்துல தாலி கட்டுனதையே நாங்க பாக்கலீங்க, உங்க முதுகைத்தான் பாத்தோம்! இந்த வாட்டி கிட்டத்துப் படமும் வரோணும், முதுகும் தெரியக் கூடாது!"

மகுடபதி தன் கேமராவைப் பார்த்தார். அதிலிருந்ததோ இருட்டிலும் அகலமாய்ப் படம் பிடிக்கும் வைடு லென்ஸ், சொம்புப் பருமன்; கிட்டே போனால்தான் முகம் பெரிதாய் விழும். உதவிக்கு வந்த தெய்வானையின் குட்டி வைடு லென்ஸைக் காலையில்தான், "இதென்ன குங்குமச் சிமிழா?" என்று எல்லார் முன்னும் கேலி செய்திருந்தார். இப்போது அவளிடம் திரும்பினார்.

"நீ எடு புள்ள. சொதப்புனா ஸ்டூடியோப் பக்கமே வராத."

"சரிங்ணா. சிமிழ் இருக்க வேண்டிய இடத்துலயே வெச்சுடறேன்."

மணமக்கள் முன்னிருந்த சீர்த்தட்டில், தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவே கேமராவைச் செருகினாள். மேடை விளக்கு பகலாய் எரிந்ததே, இருட்டுக்கான சொம்பு லென்ஸ் எதற்கு? கெட்டிமேளம் கொட்டியதும், கேமராவோடு இணைத்திருந்த போனைத் தள்ளி நின்றே தட்டிப் படமெடுத்தாள். மகுடபதியோ கீழே நாற்காலிமேல் ஏறிச் சொம்பைத் தூக்கினார்.

பந்தி முடிந்து திரையில் படம் ஓடியது. மகுடபதி எடுத்ததில் மண்டபத்து முதுகுகள் மொத்தமும் இருந்தன. தெய்வானை எடுத்ததில் தாலியும், பெண்ணின் ஈரக் கண்ணும், சுற்றி நின்ற அத்தனை சொந்தமும்! மண்டபமே விசிலடித்தது.

"எடுத்த புள்ள எங்க ஒளிஞ்சிருந்துச்சு?" என்றார் பெரியப்பா.

தெய்வானை திரையைக் காட்டினாள். மணப்பெண்ணுக்குப் பின்னால், ஒரு கையில் போனும் மறு கையில் அட்சதையுமாக அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதுகுதானுங்க தெரியக் கூடாதுன்னீங்க!"