அல்லிக்குளம் நகரின் வீட்டுப் பிள்ளை

அல்லிக்குளம் நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் வைரவநாதன் எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வார். தீப்பெட்டி வாங்கினால்கூட, அதன்மேல் எழுதியிருப்பதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்த பிறகுதான் குச்சியை உரசுவார். அப்படிப்பட்டவர் தலைவராக வாய்த்ததால்தான் அந்த நகருக்கு அவ்வளவு கஷ்டம்.

சித்திரை வெயிலில் சங்கத்தின் பழைய தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், புதிதாக ஒன்று வாங்கினார்கள். கூடவே வந்த தாளில், ‘முதன்முறை ஓடவிடும் முன் தண்ணீர் ஊற்றவும்’ என்று போட்டிருந்தது.

“வெந்நீரா, பச்சைத் தண்ணியா?” என்று கேட்டார் பொருளாளர் சாம்பமூர்த்தி.

“வெயில் காலம்தானே, பச்சைத் தண்ணியே போதும். புது மோட்டார், தாராளமா ஊத்துங்க” என்றார் வைரவநாதன்.

தெருவில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் திரட்டி மோட்டாரின் தலையில் கொட்டி, துண்டால் துவட்டி, சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் ஒருமுறை தும்மியது. பிறகு புகைந்தது.

“ஜலதோஷம் பிடிச்சிடுச்சு. நான்தான் வெந்நீர்னு கேட்டேனே!” என்றார் சாம்பமூர்த்தி.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்றது ஒரு குரல்.

வைரவநாதன் துடித்துப்போனார். “தமிழுக்கு வெறும் ஒண்ணா? நம்ம மொழியை இவ்வளவு குறைச்சலாவா எடை போடுறது?”

“ஒன்பதை அழுத்துங்க, தலைவரே. வர்றதைப் பார்த்துக்கலாம்” என்றார் செயலாளர் எபனேசர்.

ஒன்பதில் யாரோ ஒரு பெண் புரியாத பாஷையில் இனிமையாகப் பேசினாள். மூவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தார்கள். மறுபடி போட்டு, மனசே இல்லாமல் ஒன்றை அழுத்தினார்கள்.

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். இணைப்பிலேயே இருங்கள்.’

வைரவநாதன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சொந்த வீட்டில்கூட அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, போனில் வந்த பாட்டைக் கேட்டபடி மூவரும் அசையாமல் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வார்டு தேர்தல் வேட்பாளர் குணாளன், மேளதாளத்தோடு வந்து கைகூப்பினார். “என்னை உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சுக்குங்க!”

வைரவநாதனுக்குப் பிள்ளை கிடையாது. அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “சிவகாமி, நம்ம பையன் வந்திருக்கான்!”

சிவகாமி வேட்பாளரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன்டா இப்படிக் கறுத்துட்டே? சரி, மாலையைக் கழட்டி வெச்சுட்டுப் பக்கத்துத் தெருவுல ரெண்டு குடம் தண்ணி பிடிச்சிட்டு வா.”

ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் சிரித்தபடியே குடத்தைத் தூக்கினார். அடுத்த வீட்டுக்காரர்களும் அவரைப் பிள்ளையாக நினைத்துக்கொண்டார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் சுமந்து முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

“மூடியைத் திறந்து பம்புக்குள்ள ஊத்தணும் சார். மேல ஊத்தியிருக்கீங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டு, மெக்கானிக் மோட்டாரைச் சரி செய்தார். தண்ணீர் கொட்டியது. வைரவநாதன் குணாளனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சங்கம் கூடியது.

“குணாளனுக்குத்தானே ஓட்டு?” என்றார் எபனேசர்.

வைரவநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எப்படி எபனேசர்? சொந்தப் பிள்ளையை நாமே பதவியில உட்கார வெச்சா, அதுக்குப் பேர் வாரிசு அரசியல் இல்லையா?”

சாம்பமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவே மனசைக் கல்லாக்கிக்கொண்டு எதிராளிக்கு ஓட்டுப் போட்டது. இந்தத் தெரு ஓட்டு இல்லாமல் குணாளன் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

மறுநாள் குணாளன் தொங்கிய முகத்தோடு வந்து நின்றார். “குடம் குடமா சுமந்தேனே, ஐயா. நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

வைரவநாதன் அவர் தலையை வருடிக்கொடுத்தார். “தப்பு உன்மேல இல்லப்பா. எங்களுக்குப் பிள்ளையாப் பிறந்துட்டே. அடுத்த தேர்தலுக்குள்ள வேற யார் வீட்டுலயாவது பிறந்து வா, மொத்த ஓட்டும் உனக்குத்தான்.”