முந்தாநாள் சுண்ணாம்பு

"விட்டுட்டேன், இனி தொடவே மாட்டேன்" என்று சொன்ன ஒரு பழக்கத்தை நீங்கள் எத்தனை தரம் விட்டிருப்பீர்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கால் விரலும் வேண்டியிருக்கிறதா?

தங்கபுஷ்பத்துக்குக் கால் விரலும் போதவில்லை.

அவள் விட நினைத்தது குடியும் இல்லை, களவும் இல்லை. நாக்கு.

கோபம் வந்துவிட்டால், எதிரில் நிற்பவருக்கு எங்கே புண் இருக்கிறதோ அங்கே பார்த்துக் குத்துகிற நாக்கு.

சபையின் கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் கையைத் தூக்கினாள். முந்தானை நனைய அழுதாள். "ஆண்டவரே, இன்னையோட விட்டேன்" என்று ஒப்புக்கொடுத்தாள்.

பத்தொன்பது நாள் தாங்கியது.

இருபதாம் நாள், மருமகள் எப்சிபா கை தவறி ஒரு கலயத்தைப் போட்டு உடைத்தாள். பதநீர் மண்ணில் ஓடியது.

"உன் கையில எதுதாம்ட்டி தங்கியிருக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

எப்சிபாவுக்கு வயிற்றுப் பிள்ளை கலைந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

சொன்ன வாய் மூடுவதற்குள் தங்கபுஷ்பத்துக்குத் தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

எப்சிபா அழவில்லை. அடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓலையை உள்ளே தள்ளினாள். கையைக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. மகன் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். "வரமாட்டாளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறான். தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியாரைத் தேடிப் போனாள். ஆமோஸ் உபதேசியார் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். வேதக்கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு செம்பு பதநீர் கொண்டுபோனாள்.

"ஐயா, எனக்கு இரட்சிப்பு உண்டா, இல்லியா?"

"ஏங்க்கா, காலையிலேயே இவ்வளவு பெரிய கேள்வி?"

"விட்டேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். திரும்பவும் வந்துட்டுதே! அப்போ அன்னைக்கு அழுதது பொய்யா?"

உபதேசியார் திண்ணையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"இது ஒரேயடியா அத்துப்போக ஒரு ஜெபம் பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் நான் அந்தப் பிள்ளை முகத்துல முழிக்க முடியும். இனி ஒருநாளும் அப்படிப் பேசமாட்டேன்னு சொல்லிக் கூப்பிடணும்."

"பண்ணுவோம். முதல்ல அந்தச் செம்பைத் தாங்க. நாக்கு வறண்டு கிடக்கு."

ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது என்னது?"

"பதநீர் ஐயா. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சது."

"மோந்து பாத்தீங்களா?"

"எங்க மோக்க? மூணு வாரமா அழுது மூக்கு அடைச்சுக் கிடக்கு."

செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் வைத்தாள்.

"ஐயோ! கள்ளு!"

"மெதுவாச் சொல்லுங்க. கோயில் வளவு."

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! உபதேசியாருக்குக் கள்ளு கொண்டாந்திருக்கேனே!" தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து இந்த ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ மறந்திருக்கேன் ஐயா, அதான் பதநீர் புளிச்சுக் கள்ளாப் போச்சு. கழுவித் தடவிக் கொடுக்கது என் வேலை, பனையில ஏறிக் கட்டுததுதான் எங்க வீட்டுக்காரரு வேலை. அவர் மேல தப்பில்ல."

"முந்தாநாள் தடவினீங்களா?"

"தடவினேனே."

"அதுக்கு முந்தின நாள்?"

"தடவாம இருப்பேனா?"

"கலயம் புதுசோ?"

"எங்க ஐயா! ஆறேழு வருசமா அடிபடுது."

"ஆறேழு வருசமா தினமும் சுண்ணாம்பு தின்ன கலயம். அதுக்கு இன்னுமா புத்தி வரல?"

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். "கலயத்துக்கு என்னத்த புத்தி வரும்? முந்தாநாள் தடவினது முந்தாநாள் பதநீருக்கு. அது அன்னைக்கே தீந்துபோச்சு. இன்னைக்கு உள்ளதுக்கு இன்னைக்குத்தான்..."

வாய் பாதியில் நின்றுவிட்டது.

முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"முந்தாநாள் தடவினது பொய்யாக்கா?" என்று கேட்டார் உபதேசியார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"உங்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை இருக்காது, என்ன ஐயா?" என்றாள்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உபதேசியாரின் சம்சாரம் வாய்விட்டுச் சிரித்தது வாசல்வரை கேட்டது.

உபதேசியார் காதுவரை சிவந்தார். "ஜெபம் பண்ணுவோமா?" என்றார்.

"நாளைக்கு வாரேன் ஐயா" என்று எழுந்தாள் தங்கபுஷ்பம். "நாளை கழிச்சும் வாரேன்."

செம்பில் இருந்ததை வாசல் தென்னைக்கு ஊற்றிவிட்டு நேரே எப்சிபாவின் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

எப்சிபா கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. மெலிந்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"இனி அப்படிப் பேசமாட்டேன்னு சொல்ல வந்தீங்களா அத்தை? அதைத்தான் கன்வென்ஷன்லயே சொன்னீங்களே."

"இல்ல மக்ளே. அப்படிச் சொல்ல வரல."

"அப்புறம்?"

"அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கப்படாது. பிள்ளை போன அன்னைக்கு உன்கூட ஆஸ்பத்திரியில இருந்தவ நான். எனக்குத் தெரிஞ்ச இடத்துலயே குத்திட்டேன்."

எப்சிபா கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. இப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"உன்னைக் கூட்டிட்டுப் போகவும் வரல. நீ வரும்போது வா. வராட்டாலும் உன்மேல குத்தமில்ல. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்வியா?"

"என்ன?"

"விடிஞ்சதும் நான் கலயத்தைக் கழுவ உக்காருவேன்லா, அந்நேரம் ஒரு போன் போடு. 'அத்தை, இன்னைக்குச் சுண்ணாம்பு தடவியாச்சா, கலயத்துக்கும் நாக்குக்கும்?'ன்னு கேளு. வேற ஒண்ணும் பேசாண்டாம். நாளைக்கும் கேளு மக்ளே. நாளை கழிச்சும் கேளு."