சொட்டும் ஜீப்பும் சொட்டாத ஜீப்பும்

அலுப்பே இல்லாமல் மழை பெய்கிற மலை ஒன்று இருந்ததாம். அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டமும், தோட்டத்துக்கென்று இரண்டே இரண்டு பழைய ஜீப்புகளும் இருந்தனவாம்.

அங்கே கொழுந்து பறிக்கிறவள் சூசையம்மா. ஒரு மதியம் அவள் மகள் ரெஜினாவுக்கு நாள் ஆகுமுன்னே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியோ அடிவாரத்தில். நடுவில் இருபது வளைவு. போன ஆடியில், எட்டாம் வளைவில், வேறொரு ஜீப்பின் சேஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம், துரு தின்று ஒடிந்தது. அதில் போன சூசையம்மாவின் புருஷன் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அவள் பாதையை விட்டு ஒதுங்கிவிடுவாள்.

இப்போது இரண்டு ஜீப்புகளும் வாசலில் வந்து நின்றன.

ஒன்று தங்கப்பழம் ஓட்டுவது. "யக்கா, குனிஞ்சு பாருங்க. போன வருஷம் மழை விட்ட ஒரு மணி நேரத்துல அடியில பூரா தார் பூசிட்டேன். சேஸுல அங்கங்க ஓட்டை இருந்துச்சு. தண்ணி ஏறிரும்னு அதையும் அடைச்சாச்சு. இனி துரு எப்படி வரும்?"

அடிப்பக்கம் எருமை முதுகாய் மினுங்கியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மற்றது யாக்கோபு ஓட்டுவது. அவன் வருஷாவருஷம் மழைக்கு முன்னால் சேற்றைக் கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிட்டு, பழைய என்ஜின் ஆயிலைத் தடவுகிறவன். அடிப்பக்கம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. ஓட்டைகள் திறந்தே கிடந்தன. அவற்றின் வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுலயா ஏறப்போறீய? பிள்ளை பிறந்து ஓட்டை வழியா ரோட்டுல விழுந்துரும் யக்கா!" என்று தங்கப்பழம் சிரித்தான்.

"விழுந்தாலும் உன் தாருல ஒட்டிக்கிடாதுல்லா, அது போதும்ல," என்றான் யாக்கோபு.

"யம்மா, ஏதாவது ஒண்ணுல ஏத்தும்மா!" ரெஜினா அலறினாள்.

சூசையம்மா யாக்கோபின் ஜீப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சேற்றில் படுத்தாள். தார் பூசிய சட்டத்தைத் தட்டினாள். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல 'சொத்'தென்றது. யாக்கோபின் சட்டத்தைத் தட்டினாள். 'ணங்'கென்றது. எழுந்தாள்.

நீங்கள் அந்தத் தாயாக இருந்தால், மகளை எந்த ஜீப்பில் ஏற்றுவீர்கள்? இரும்பைக் காப்பாற்றியவன் இருவரில் யார்?

அவள் ஏற்றியது யாக்கோபின் ஜீப்பில். அந்த மலையில் எந்த வண்டிக்குள்ளும் ஈரம் போகத்தான் செய்யும். அது வெளியேற வழி இருக்கிறதா என்பதே பேச்சு. தங்கப்பழம் காயாத இரும்பின்மேல் தாரைப் பூசி, வடிகிற ஓட்டைகளையும் அடைத்து, தண்ணீரை உள்ளேயே சிறைவைத்துவிட்டான். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ரெஜினாவுக்குப் பெண் பிறந்ததாகச் சாயங்காலம் போன் வந்தது. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த தங்கப்பழம், ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் ஜீப்பின் சட்டத்தில் லேசாகக் குத்திப் பார்த்தான். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. சிவந்த தண்ணீர் முழங்கை வழியே வழிந்தது. அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அதில் ஏற்றிக்கொண்டு இருபது வளைவும் இறங்கியிருந்தான். குத்தியதைப் பிடுங்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, மழையில் நடந்து போனான்.