மூடிக்குள் இருந்த மரத்தூள்

"அம்மா, இதை எத்தனை தடவை துடைச்சாலும் துடைச்ச மாதிரியே இல்லை" என்றான் வெள்ளையன்.

தவமணியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

விறகுக் கொட்டகையில் சாக்கை விரித்து, மரம் அறுக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செயின் தனியே மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்தது. அவன் கையில் ஒரு பழைய பல் விளக்கும் பிரஷ்.

"இன்னைக்கு மரம் அறுத்தீங்களா அண்ணா?"

"இல்லீங்கம்மா."

"நேத்து?"

"நேத்தும் இல்லை. திங்கக்கிழமை காத்துல ஒடிஞ்ச பலாக் கிளையை அறுத்ததோட சரி."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எதைத் துடைக்கிறீங்க?"

வெள்ளையன் பிரஷைப் பார்த்தான். அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

கொல்லிமலைச் சரிவில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு அவன் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஆசிரமத்தை நடத்தும் தவமணியம்மாள் அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். வந்த அன்றைக்கு அவன் தோளில் இந்த மெஷின் ஒன்றுதான் இருந்தது. மாற்றுத் துணிகூடக் கிடையாது. காட்டு வேலை, விறகு வேலை, கிணற்று வேலை எதற்கும் சளைக்க மாட்டான். தியானத்துக்கு மட்டும் உட்கார மாட்டான். கண்ணை மூடினால் மெஷின் சத்தம் கேட்கிறது என்பான்.

அவளும் வற்புறுத்தியதில்லை.

இன்று அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இதை இவ்வளவு சுத்தமா முதல் முதல்ல என்னைக்குத் துடைச்சீங்க?"

வெள்ளையனுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

பிரஷைச் சாக்கில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.

அவனும் அவன் தங்கை புருஷன் சடையப்பனும் பங்கு போட்டு வாங்கிய மெஷின் அது. எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரம் அறுப்பார்கள். ஒரு நாள் வேலை முடிந்தால் ஒருவன் துடைக்க வேண்டும், மறுநாள் மற்றவன். அப்படி ஒரு முறை வைத்திருந்தார்கள்.

துடைப்பது என்றால் மேலாகத் துணியை ஓட்டுவதல்ல. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து அப்பிக் கிடப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிரேக் அந்த மூடிக்குள்தான் இருக்கிறது. வாள் துள்ளி ஆள்மேல் பாய்ந்தால், ஓடுகிற செயினைக் கண்ணிமைக்கும் முன் பிடித்து நிறுத்துவது அதுதான்.

"ஒரு நாள் சாயங்காலம் என் முறை. நான் துடைக்கலை."

"ஏன்?"

"பக்கத்து ஊர்ல கபடி. பார்க்கப் போயிட்டேன்."

அவனுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"மறுநாள் காலையில மாப்பிள்ளை மெஷினை எடுத்தார். வாள் துள்ளிச்சு. பிரேக் பிடிக்கலை. இடது தோள்ல இறங்கிடுச்சும்மா. உயிர் தப்பினதே பெரிசு. கை போச்சு. இன்னைக்கும் அது சும்மா தொங்குது."

"அப்புறம்?"

"எல்லாரும் அவரைத் தூக்கிக்கிட்டு ஜீப்புக்கு ஓடினாங்க. நான் மட்டும் மெஷின்கிட்ட நின்னேன். மூடியைக் கழட்டினேன். உள்ளே புட்டு அவிச்ச மாதிரி கெட்டியா அடைஞ்சிருந்தது."

"என்ன செஞ்சீங்க?"

"துடைச்சேன்."

தவமணியம்மாள் சாக்கில் கிடந்த பிரஷை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்குத் துடைச்ச மாதிரி அதுக்கு முன்னாடி துடைச்சதே இல்லைம்மா. சுரண்டின தூளை ஓடையில கரைச்சேன். அதுக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

விபத்துக்கு முந்தின நாள் ஒரு சாவு வீட்டில் சடையப்பன் குடித்திருந்தான். குடிகாரன் கை, தவறிவிட்டது என்று ஊர் பேசியது. எஸ்டேட் மேஸ்திரி மெஷினைத் திறந்து பார்த்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது. மெஷின்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் சொல்லும்போது நீங்க எங்கே இருந்தீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."

வெள்ளையன் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவன் அப்படி அழுவதைப் பார்க்க முடியாது.

"ஆறு வருஷம் ஆச்சும்மா. இதுக்கு என்ன கழுவாய்? எந்த அருவியில நிக்கட்டும்? எத்தனை நாள் பட்டினி கிடக்கட்டும்? நீங்க சொல்றதைச் செய்யறேன்."

தவமணியம்மாள் எழுந்து பலா மரத்தடிக்குப் போனாள். திங்கட்கிழமை அறுத்த தூள் மழையில் நனைந்து குவிந்து கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"மெஷினை மாட்டுங்க. மூடியை மட்டும் திறந்து வைங்க."

அவன் மாட்டினான்.

அவள் தூளை உள்ளே வைத்து அழுத்தினாள். மேலே எண்ணெய் விட்டு இன்னும் அழுத்தினாள். விரல் நுழைய இடமில்லாமல் அடைத்தாள்.

"அம்மா, இப்பத்தானே துடைச்சேன்!"

"எடுத்ததை எடுத்த இடத்துல வச்சிருக்கேன். கொண்டு போங்க."

"எங்கேம்மா?"

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் விடியுமுன்பே மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மலை தாண்டி நடந்தான் வெள்ளையன். தங்கை வீடு வந்தபோது உச்சிப்பொழுது. தங்கை களையெடுக்கப் போயிருந்தாள். வாசலில் சடையப்பன் ஒற்றைக் கையால் மிளகு புடைத்துக்கொண்டிருந்தான். பாதி முறத்திலும் பாதி தரையிலுமாக விழுந்தது.

"வாங்க மச்சான்! வழி தெரிஞ்சுதா?" என்று முகம் மலர்ந்தான்.

உள்ளேயிருந்து அவன் மகள் கோகிலா ஓடி வந்தாள். "மாமா!" என்று வெள்ளையன் கையைப் பிடித்துக்கொண்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்கும் கொஞ்சம் தாம்மா" என்று சடையப்பன் கையை நீட்டினான்.

அவள் இன்னொரு செம்பைக் கொண்டுவந்தாள். நீட்டின கையில் கொடுக்கவில்லை. எட்டத் தரையில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பாராமல் உள்ளே போனாள்.

சடையப்பன் எழுந்து போய் எடுத்துக் குடித்தான். அது அவனுக்குப் பழகிப் போயிருந்தது.

வெள்ளையன் குடிக்காமல் செம்பைக் கீழே வைத்தான். மெஷினைச் சடையப்பன் முன்னால் வைத்து மூடியைக் கழற்றினான்.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்தது, மாப்பிள்ளை. முந்தின நாள் என் முறை. துடைக்காம கபடிக்குப் போயிட்டேன். உங்களைத் தூக்கிக்கிட்டுப் போன பிறகு நான்தான் துடைச்சு வச்சேன்."

சடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தான். நல்ல கையின் விரலை உள்ளே விட்டான். தூள் அசையவில்லை.

"அப்போ என் கை தவறலையா மச்சான்?"

"இல்லை."

"சாவு வீட்டுல ஒரு டம்ளர்தான் குடிச்சேன். ராத்திரி தூங்கி எழுந்துட்டேன். தலையில ஒண்ணும் இல்லை. ஆனா எல்லாரும் சொன்னாங்களா, இருந்திருக்குமோன்னு நானும் நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்லை."

"என்னை அடிங்க மாப்பிள்ளை. செருப்பால அடிங்க."

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு உங்களை அடிக்கிறதா, மிளகைப் புடைக்கிறதா?" என்று சடையப்பன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தான்.

"எனக்குச் சொன்னது போதும். பாப்பாகிட்ட சொல்லுங்க. குடிச்சுக் கையைத் தொலைச்சேன்னு ஆறு வருஷமா என் முகத்தைப் பார்க்கறதில்லை. நான் சொன்னா எடுபடாது."

உள்ளே பார்த்து, "பாப்பா, மாமா கூப்பிடறாங்க" என்றான்.

கோகிலா வந்து வாசற்படியில் நின்றாள். சடையப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

வெள்ளையன் ஒன்றையும் விடாமல் சொன்னான். கபடியைச் சொன்னான். ஓடையைச் சொன்னான். மேஸ்திரி பக்கத்தில் வாய் மூடி நின்றதைச் சொன்னான்.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகை நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்.

"எனக்கு அப்போ பதிமூணு வயசு, மாமா."