கசந்த கடுகுக்கீரை

மடத்துக் கடுகுக்கீரை கசந்துவிட்டது. வாயில் வைத்தவர்கள் எல்லாரும் துப்பினார்கள்.

மூலிகைத் தோட்டம் ஏகாம்பரத்தின் பொறுப்பு. விவசாய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் சீடராக வந்தவர். குரு அவரைவிட இருபது வயது இளையவர்.

"விதை சொத்தை, சாமி. பேச்சி கொடுத்தது" என்றார் ஏகாம்பரம். பந்தி முழுக்கக் கேட்டது.

பேச்சி மலையடிவாரத்தில் விதை விற்றுப் பிழைப்பவள். அதிகாரி சொன்னால் சொன்னதுதானே! அந்த வாரச் சந்தையில் அவளிடம் ஒரு பிடி விதை வாங்க ஆளில்லை.

குரு கேட்டார். "கீரையைக் கிள்ளினீங்களா?"

"கிள்ளவா? இடுப்பு உயரம் நிக்குது, சாமி! வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போறாங்க. அதைப் போய்..."

குரு மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வேலியில் ஓட்டை கண்டு ஓர் ஆடு புகுந்தது. பேச்சியின் ஆடுதான். பூவும் தண்டுமாய் நின்ற பாத்தியை மேய்ந்து, சாண் உயரக் கட்டைகளை மட்டும் விட்டுவைத்தது. ஏகாம்பரம் கம்பால் நாலு போட்டு விரட்டினார். "விதையும் சொத்தை, ஆடும் திருட்டு ஆடு!" என்று கத்தினார்.

பன்னிரண்டாம் நாள் கட்டைகளெல்லாம் தளிர். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார். காரம் சுருக்கென்று மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. காரம் அடங்கிய பிறகும் அது நிற்கவில்லை.

அன்று பந்தியில் கடுகுக்கீரைத் தயிர்ப்பச்சடி. இரண்டாம் தரம் கேட்காதவர் இல்லை.

"அதிகாரி கைன்னா சும்மாவா!" என்றான், பரிமாறிய சங்கிலி.

ஏகாம்பரம் சோற்றை விட்டுவிட்டு எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"விதை நல்ல விதைதான். கிள்ளாமப் பூக்கவிட்டுக் கசக்க வெச்சது நான். பேச்சி மேல பழி போட்டதும் நான்."

பந்தியில் சாப்பிட்ட கைகள் நின்றன. குரு மட்டும் பச்சடியை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்குப் பேச்சி கால்ல விழுந்துடறேன்."

"கால் வேண்டாம். பயந்துடுவா. சந்தையில நின்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"கீரையை யார் சரிபண்ணினதுன்னும் சொல்லுங்க."

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். "முப்பது வருஷம் அதிகாரியா இருந்தவன், சாமி. அத்தனை பேர் முன்னால அதை எப்படிச் சொல்றது?"

"ஆடுன்னு."